சொல்லும் கதை, எழுதும் கதை

கதை சொல்லத் தெரியாதவர் யாரும் இல்லை.

சந்தையில் நடந்த சண்டையை வீட்டுக்கு வந்து சொல்கிறோம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வந்ததைச் சொல்கிறோம். நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்து, வண்டி தேடி அலைந்ததைச் சொல்கிறோம். கேட்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அருகில் வந்து உட்காருகிறார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அதுதான் கதை.

எழுத்து மனிதனுக்குப் பிறகுதான் கிடைத்தது. கதை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பஞ்சதந்திரத்தில் ஓர் அரசன் வருகிறான். அவனுக்கு மூன்று மகன்கள். மூவருக்கும் படிப்பு ஏறவில்லை. விஷ்ணு சர்மா என்ற ஆசிரியர் வருகிறார். ஆறே மாதத்தில் அறிவு புகட்டுகிறேன் என்கிறார். எப்படிப் புகட்டினார்? கதை சொல்லித்தான். காகம், நரி, குரங்கு, முதலை எல்லாம் அப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தன.

இப்போது உங்களுக்கு எழுதவும் தெரியும். கடிதம் எழுதுகிறீர்கள். கணக்கு எழுதுகிறீர்கள். கதை எழுதலாமா? எழுதலாம். ஆனால் உட்கார்ந்து எழுதும்போது ஒரு சங்கடம் வருகிறது. வாயால் சொன்னபோது தெருவே கேட்டது. எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. படித்தால் சுவையாகவும் இல்லை.

ஏன் அப்படி? அதைப் பார்ப்போம்.

கை செய்த வேலையைச் சொல் செய்ய வேண்டும்

2005 ஜூலை 26 அன்று மும்பையில் பேய்மழை பெய்தது. சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு பொங்கியது. தாழ்வான இடங்கள் எல்லாம் மூழ்கின. தாராவியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தாராவியில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அங்கே வாழும் ஒரு பெண் அந்த நாளைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் இப்படித்தான் எழுதுவாள்:

"அன்று பெரிய மழை பெய்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தது. நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டோம். அந்த நாளை மறக்கவே முடியாது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "பெரிய மழை" என்றால் எவ்வளவு பெரிது? "கஷ்டம்" என்றால் என்ன கஷ்டம்?

இதையே அவள் பக்கத்து வீட்டில் வாயால் சொல்லும்போது என்ன செய்வாள்? "தண்ணி இவ்வளவு வந்துடுச்சு" என்று இடுப்பில் கை வைத்துக் காட்டுவாள். பயந்த இடத்தில் குரல் தாழும். பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்கும். கொஞ்சம் நிறுத்துவாள். கேட்பவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

தாளுக்குக் கை கிடையாது. முகம் கிடையாது. குரலும் கிடையாது. சொல்லும்போது கையும் முகமும் குரலும் செய்த வேலையை, எழுதும்போது சொற்கள்தான் செய்ய வேண்டும். கதை எழுதும் வித்தை முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கி இருக்கிறது.

அந்தப் பெண் மறுபடி எழுதுகிறாள்:

"சாயங்காலம் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் அடுப்பு மூழ்கியது. பிள்ளைகள் இரண்டையும் பரண்மேல் ஏற்றினேன். நானும் ஏறினேன். அப்போதுதான் ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது. அது தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. கட்டில் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. கரண்டு இன்னும் போகவில்லை. இறங்கலாமா? சின்னவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். 'இறங்காதே அம்மா' என்றாள்."

இங்கே "கஷ்டம்" என்ற சொல்லே இல்லை. ஆனால் கஷ்டம் தெரிகிறது. "பயம்" என்ற சொல்லும் இல்லை. ஆனால் படிப்பவருக்குப் பயம் வருகிறது. அடுப்பு, பரண், தகரப் பெட்டி, ரேஷன் கார்டு, முந்தானை எல்லாம் அவள் கண்ணால் பார்த்தவை. பார்த்ததை எழுதினாள். மீதியைப் படிப்பவர் உணர்ந்துகொள்கிறார்.

அந்தக் கார்டு இல்லாவிட்டால் அரிசி இல்லை. அங்கே குடியிருப்பதற்கு அவளிடம் வேறு சாட்சியும் இல்லை. எடுக்க இறங்கினால் உயிருக்கு ஆபத்து. இறங்குவாளா, மாட்டாளா? அடுத்த வரியைப் படிக்காமல் யாரும் புத்தகத்தை மூட மாட்டார்கள்.

யாருக்கு என்ன வேண்டும்?

பிரேம்சந்த் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியிலும் உருதுவிலும் எழுதிய பெரிய எழுத்தாளர். 1880-ல் வாரணாசிக்கு அருகே லம்ஹி என்ற கிராமத்தில் பிறந்தார். சொந்தப் பெயர் தன்பத் ராய். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1936-ல் காலமானார். உழவர், ஏழைகள், பெண்கள் படும் பாட்டைக் கதைகளாக எழுதினார்.

அவர் 1933-ல் எழுதிய ஒரு கதையின் பெயர் "ஈத்கா". ஈத்கா என்றால் பெருநாள் தொழுகை நடக்கும் திடல். கதை இதுதான்.

ஹமீது சின்னஞ்சிறு பையன். தாய் தகப்பன் இல்லை. பாட்டி அமீனாதான் வளர்க்கிறாள். வீட்டில் வறுமை. பெருநாள் வருகிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நகரத்துத் திடலுக்குப் போகிறார்கள். அங்கே சந்தை கூடி இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் பையில் நிறையக் காசு. ஹமீதிடம் மூன்றே பைசா. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 64 பைசா.

மற்றப் பிள்ளைகள் மண் பொம்மை வாங்குகிறார்கள். மிட்டாய் வாங்கித் தின்கிறார்கள். ஹமீதுக்கும் ஆசைதான். பார்த்துக்கொண்டே நடக்கிறான். இரும்புச் சாமான் கடை வருகிறது. அங்கே ஓர் இடுக்கி இருக்கிறது. பாட்டி ரொட்டி சுடும்போது விரல் சுட்டுக்கொள்வது அவனுக்கு ஞாபகம் வருகிறது. பேரம் பேசி, மூன்று பைசாவையும் கொடுத்து, இடுக்கியை வாங்குகிறான். வீட்டுக்கு வந்ததும் பாட்டி முதலில் திட்டுகிறாள். சாப்பிடாமல், குடிக்காமல் இதையா வாங்கி வந்தாய் என்கிறாள். காரணம் தெரிந்ததும் அழுகிறாள். அவள் ஏன் அழுகிறாள் என்று சிறுவனுக்கு விளங்கவில்லை.

கதை அவ்வளவுதான். கொலை இல்லை. சண்டை இல்லை. ஓர் இடுக்கிதான் இருக்கிறது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக மக்கள் இதைப் படிக்கிறார்கள். ஏன்?

முதல் காரணம், இது ஒருவனுடைய கதை. "ஏழைப் பிள்ளைகள் பாவம்" என்று பிரேம்சந்த் பொதுவாகச் சொல்லவில்லை. ஒரு பையனைக் காட்டினார். அவனுக்குப் பெயர் வைத்தார். அவன் பையில் எத்தனை பைசா என்று எண்ணிச் சொன்னார்.

இரண்டாவது காரணம், அவனுக்கு ஒன்று வேண்டும். அது எளிதில் கிடைக்காது. பொம்மையும் வேண்டும். மிட்டாயும் வேண்டும். பாட்டியின் விரலும் சுடக்கூடாது. கையில் மூன்று பைசாதான். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். மனிதன் எதை எடுக்கிறான், எதை விடுகிறான் என்பதில்தான் அவன் யார் என்று தெரியும்.

மூன்றாவது காரணம், பாசம் ஒரு பொருளாகக் கையில் இருக்கிறது. இடுக்கியை நாம் தொட முடியும். அதைப் பார்த்த உடனே பையனின் மனம் தெரிந்துவிடுகிறது.

நீங்கள் எழுதும்போதும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது யாருடைய கதை? அவருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதிக் கதை கிடைத்துவிட்டது.

"பிறகு" போதாது, "அதனால்" வேண்டும்

புதிதாக எழுதுகிறவர்கள் "பிறகு, பிறகு" என்று கோத்துக்கொண்டே போவார்கள். காலையில் எழுந்தான். பிறகு பல் துலக்கினான். பிறகு வேலைக்குப் போனான். பிறகு திரும்பி வந்தான். இது நாட்குறிப்பு. கதை ஆகாது.

கதையில் ஒன்று நடந்ததால் இன்னொன்று நடக்க வேண்டும். முன்னால் போட்ட விதை பின்னால் முளைக்க வேண்டும். இதற்கு ராஜஸ்தான் நாட்டுப்புறக் கதை ஒன்றைச் சொல்லலாம். ஹபீப் தன்வீர் என்ற நாடகக்காரர் சத்தீஸ்கரின் கிராமக் கலைஞர்களைக் கொண்டு 1975-ல் அதை நாடகமாக ஆக்கினார். "சரண்தாஸ் சோர்" என்பது நாடகத்தின் பெயர். சோர் என்றால் திருடன்.

சரண்தாஸ் ஒரு திருடன். ஒரு குருவிடம் போகிறான். விளையாட்டுப் போலச் சில சத்தியங்கள் செய்கிறான். தங்கத் தட்டில் சாப்பிட மாட்டேன். யானை மேல் ஊர்வலம் போக மாட்டேன். ராணியைக் கட்டிக்கொள்ள மாட்டேன். நாட்டுக்கு ராஜா ஆக மாட்டேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு திருடனுக்கு இதெல்லாம் யார் தரப்போகிறார்கள்? குரு இன்னொரு சத்தியமும் வாங்குகிறார். பொய் சொல்லக்கூடாது.

பிறகு என்ன நடக்கிறது? திருடன் உண்மை பேசுகிறான். அதனால் பெயர் பரவுகிறது. அதனால் ராணியின் காதுக்கு எட்டுகிறது. யானை வருகிறது. தங்கத் தட்டு வருகிறது. கடைசியில் ராணியே தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். சிரித்துக்கொண்டே செய்த சத்தியம் ஒவ்வொன்றும் அவன் எதிரில் வந்து நிற்கிறது. சரண்தாஸ் வாக்கை மீறவில்லை. அதனால் உயிரை இழக்கிறான்.

பாருங்கள். தொடக்கத்தில் வந்த எதுவும் வீணாகப் போகவில்லை. சத்தியம் இல்லாவிட்டால் முடிவு இல்லை. நடுவில் ஒன்றை உருவினால் கதை சரிந்துவிடும். நல்ல கதை கூடை போன்றது. ஒவ்வொரு பிரம்பும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கதையில் "பிறகு" என்று வரும் இடங்களைத் தேடுங்கள். அங்கே "அதனால்" என்றோ, "ஆனால்" என்றோ போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கதை ஓடுகிறது. முடியாவிட்டால் அந்த வரி இல்லாமலே கதை நிற்கலாம்.

யாருடைய கண்ணால் பார்ப்பது?

சரண்தாஸ் கதையை நாட்டுப்புறத்தில் இருந்து எடுத்து எழுதி வைத்தவர் விஜய்தான் தேத்தா. இவர் 1926-ல் பிறந்தார். ஜோத்பூர் மாவட்டத்தில் போருந்தா என்ற கிராமம்தான் இவர் ஊர். அந்த ஊரை விட்டு இவர் நகரத்துக்குப் போய்விடவில்லை. ஊர் மக்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், கதை கேட்டார். கேட்டதைத் தம் நடையில் எழுதினார். முதலில் இந்தியில் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மக்கள் பேசும் ராஜஸ்தானி மொழிக்கு வந்தார். இவர் கதைகள் 14 தொகுதிகளாக வெளிவந்தன. 1974-ல் இவருக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 2013-ல் காலமானார்.

இவர் எழுதிய ஒரு கதையின் பெயர் "துவிதா". இருமனம் என்று பொருள். 1973-ல் அது திரைப்படமாகவும் வந்தது.

ஒரு வியாபாரியின் மகனுக்குக் கல்யாணம் ஆகிறது. உடனே அவன் வியாபாரத்துக்காக வெளியூர் போகிறான். திரும்பி வர ஐந்து ஆண்டு ஆகும். வழியில் ஒரு மரத்தில் இருந்த பேய் மணப்பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தது. அது அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஆண்டுகள் போகின்றன. உண்மைக் கணவன் திரும்பி வருகிறான். வாசலில் ஒரே முகத்தோடு இரண்டு பேர். யார் உண்மையானவன்? ஊரே கூடிப் பேசுகிறது. ஓர் ஆட்டிடையன் தந்திரம் செய்து பேயைத் தோல் பைக்குள் அடைத்துவிடுகிறான்.

இதைக் கணவன் கண்ணால் பார்த்தால் மோசடிக் கதை. பேயின் கண்ணால் பார்த்தால் காதல் கதை. ஆட்டிடையன் கண்ணால் பார்த்தால் விடுகதை. அந்தப் பெண்ணின் கண்ணால் பார்த்தால்? அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை. தேத்தா அவள் மனத்தை நமக்குக் காட்டினார். ஊரில் சொல்லும் பேய்க் கதை, அப்போது ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதை ஆகிவிட்டது.

நடந்தது ஒன்றுதான். பார்க்கிற கண் மாறினால் கதை மாறும். வரதட்சணைச் சண்டையை மாமியார் ஒருவிதமாகச் சொல்வாள். மருமகள் வேறுவிதமாகச் சொல்வாள். கதவுக்குப் பின்னால் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை மூன்றாவது விதமாகச் சொல்லும். எழுதும் முன் யாருடைய கண் என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்தக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரியாது. குரல்தான் கேட்கும்.

தேத்தாவிடம் இருந்து இன்னொன்றும் கற்கலாம். கதைக்குப் பகட்டான மொழி தேவை இல்லை. தண்ணீர்க்காரப் பெண் தண்ணீர்க்காரப் பெண்ணாகவே பேசட்டும். "நான் மிகுந்த துயரத்தில் ஆழ்ந்துள்ளேன்" என்று எந்தத் தாயும் பேசுவதில்லை. "எனக்குச் சோறு இறங்கல" என்றுதான் சொல்வாள். அதையே எழுதுங்கள்.

எழுத்தைப் பிந்திக் கற்றவர்கள்

"இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு" என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேரின் வரலாற்றைக் கேளுங்கள். இருவரும் வங்காளிகள்.

மனோரஞ்சன் பியாபாரி கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அகதியாக இந்தியாவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் போக வழி இல்லை. சின்ன வயதிலேயே வேலைக்குப் போனார். இளைஞனாக இருந்தபோது சிறைக்குப் போக நேர்ந்தது. சிறையில் வயதான ஒரு கைதி அவருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. குச்சியால் மண்ணில் எழுதிப் பழகினார்.

வெளியே வந்து கொல்கத்தாவில் ரிக்ஷா இழுத்தார். சவாரி இல்லாத நேரத்தில் கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்தார். ஒரு சொல்லுக்கு அவருக்குப் பொருள் தெரியவில்லை. "ஜிஜீவிஷா" என்ற சொல். ஒரு நாள் ரிக்ஷாவில் ஏறிய அம்மாளைப் பார்த்தால் ஆசிரியை போலத் தெரிந்தது. அவரிடம் கேட்டார். வாழ வேண்டும் என்ற ஆசை என்று அவர் பொருள் சொன்னார். இந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்றும் விசாரித்தார். தாம் நடத்தும் "பர்த்திகா" என்ற பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். அந்த அம்மாள்தான் புகழ்பெற்ற எழுத்தாளர் மகாசுவேதா தேவி. ரிக்ஷா இழுக்கும் வாழ்க்கையைப் பற்றி பியாபாரி எழுதிய கட்டுரை 1981-ல் அதில் வந்தது. பிறகு ஒரு பள்ளி விடுதியில் பல ஆண்டுகள் சமையல் வேலை பார்த்தார். அந்த நாட்களிலும் எழுதினார். நாவல்கள் எழுதினார். தன் வரலாறும் எழுதினார். 2021-ல் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இன்னொருவர் பேபி ஹால்தார். பன்னிரண்டு வயதில் இவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அடுத்த ஆண்டே தாய் ஆனார். கணவனின் அடி தாங்க முடியவில்லை. மூன்று குழந்தைகளோடு ரயில் ஏறி டெல்லி பக்கம் வந்தார். வீட்டு வேலை செய்தார். கடைசியாக அவர் வேலைக்குச் சேர்ந்தது பேராசிரியர் பிரபோத் குமார் வீட்டில். இவர் யார் தெரியுமா? ஹமீதின் கதையை எழுதிய பிரேம்சந்தின் பேரன்.

அலமாரியைத் துடைக்கும்போது பேபி வங்காளப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பேராசிரியர் அதைக் கவனித்தார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, உன் வாழ்க்கையை எழுது என்றார். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுத்துப் பிழை நிறைய வந்தது. ஆனாலும் பேபி எழுதினார். வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினார். பேராசிரியர் திருத்தினார். தம் நண்பர்களுக்கும் படிக்கக் கொடுத்தார். 2002-ல் அது இந்தியில் புத்தகமாக வந்தது. "ஆலோ ஆந்தாரி" என்று பெயர். வெளிச்சமும் இருட்டும் என்று பொருள். பிறகு வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் வேறு பல மொழிகளிலும் வந்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு விசேஷம் உண்டு. தன் கதையை "நான்" என்றுதான் பேபி சொல்கிறார். ஆனால் சில இடங்களில் "நான்" போய்விடும். "பேபி" என்று வேறு யாரையோ சொல்வது போல எழுதுவார். சில துன்பங்களை "நான்" என்று சொல்ல நா எழாது. "அவள்" என்று சொன்னால் சொல்லிவிடலாம்.

கற்பனைக் கதையின் வாசல் இதுதான். உங்களுக்கு நடந்ததை "நான்" என்று எழுத முடியவில்லையா? "ஒருத்தி இருந்தாள்" என்று தொடங்குங்கள். பெயரை மாற்றுங்கள். ஊரை மாற்றுங்கள். இரண்டு பேரை ஒருவராக ஆக்குங்கள். நடக்காததையும் சேர்க்கலாம். இது பொய் ஆகாது. யாரையும் ஏமாற்றுவதற்காகச் செய்வது அல்ல. இதில் ஒரு நன்மையும் உண்டு. அக்கம்பக்கத்தார் பெயரை அப்படியே எழுதினால் அவர்கள் மனம் புண்படும். உங்களுக்கும் தொல்லை வரும். மாற்றி எழுதினால் உண்மையும் நிற்கும், மானமும் நிற்கும்.

திருத்துவது எப்படி?

முதலில் எழுதும்போது பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிறுத்தாமல் எழுதுங்கள். அரிசியை முதலில் உலையில் போட வேண்டும். கஞ்சி வடிப்பது பிறகு.

எழுதி முடித்ததும் இரண்டு நாள் எடுத்து வையுங்கள். பிறகு ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். எங்கே கண் வேறு பக்கம் போகிறது? அங்கே கதை நீண்டுவிட்டது. எங்கே "என்ன, என்ன?" என்று கேட்கிறார்? அங்கே ஏதோ விட்டுப்போய் இருக்கிறது. எங்கே உங்கள் நாக்கே தடுக்குகிறது? அந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

"மிகவும்", "ரொம்ப", "சொல்ல முடியாத" என்ற சொற்கள் வரும் இடத்தில் நின்று பாருங்கள். "மிகவும் பசி" என்று எழுதியிருந்தால், பசித்தவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். பானையின் அடியைச் சுரண்டினாரா? தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாரா? அதைப் போட்டால் "மிகவும்" தேவைப்படாது.

கடைசியாக, எங்கே நிறுத்துவது? பலர் கதை முடிந்த பிறகும் பேசுவார்கள். "ஆகவே அன்பர்களே" என்று நீதி சொல்வார்கள். நீதிக் கதை எழுதினால் அது சரிதான். மற்றக் கதைகளுக்கு அது வேண்டாம். பாட்டி அழுகிறாள், ஹமீதுக்குப் புரியவில்லை, அங்கே பிரேம்சந்த் நிறுத்தினார். ஹமீது வளர்ந்து என்ன ஆனான் என்று சொல்லப் போகவில்லை. தாராவிப் பெண்ணும் அப்படியே முடிக்கலாம். அவள் பரணில் இருந்து இறங்குகிறாள். கார்டை எடுத்து வருகிறாள். நனைந்த கார்டை விளக்கடியில் பிரித்துப் பார்க்கிறாள். எழுத்து எல்லாம் கரைந்து நீலமாக ஓடியிருக்கிறது. அவ்வளவு போதும்.

ஏன் எழுத வேண்டும்?

வாயால் சொன்ன கதை, சொன்னவரோடு போய்விடும். கேட்டவர் மறந்தால் அதுவும் மறையும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிழவி இருக்கிறாள். பஞ்சத்தைப் பார்த்தவள். அணை கட்டும்போது ஊரை விட்டு வந்தவள். பத்துப் பிள்ளை பெற்று நாலைப் பறிகொடுத்தவள். அவள் கதையை யாராவது எழுதி வைத்தார்களா?

ரிக்ஷாக்காரனைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணைப் பற்றியும் எழுதினார்கள். ரிக்ஷா இழுத்தவரே எழுதியபோது, பாத்திரம் துலக்கியவரே எழுதியபோது, அதுவரை யாரும் சொல்லாதது வெளியே வந்தது. மேலே உட்கார்ந்து போகிறவருக்குத் தெருதான் தெரியும். இழுக்கிறவருக்குத்தான் சாலையின் ஏற்றம் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த ஏற்றம் வேறு யாருக்கும் தெரியாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மிக்கல், பூட்டு, செருப்பு, எதுவானாலும் சரி. அது எப்படி வீட்டுக்கு வந்தது? பத்து வரி எழுதுங்கள்.

2. நீங்கள் மிகவும் பயந்த ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள். ஆனால் "பயம்" என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது.

3. வீட்டில் நடந்த ஒரு சண்டையை எழுதுங்கள். முதலில் ஒருவர் கண்ணால் எழுதுங்கள். பிறகு மற்றவர் கண்ணால் எழுதுங்கள்.

4. உங்கள் தெருவில் வயதில் மூத்தவரிடம் ஒரு கதை கேளுங்கள். அவர் பேசிய சொற்களிலேயே எழுதுங்கள். அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

5. எழுதியதைப் படிப்பு வட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். கேட்டவர்கள் "அப்புறம்?" என்று கேட்ட இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த கதையை அந்த இடத்தில் இருந்து தொடங்குங்கள்.